பறையும் செவிப்பறையும்

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் யாரும் அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டியதில்லை. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கெங்கையம்மனின் சிரசு புறப்பட்டு, தெருத்தெருவாக வலம் வந்து கோபாலபுரம் கோயிலை அடையும் நாள் அது. பம்பையும் மேளமும் சிலம்பமும் முன்னே போகும். வழியெல்லாம் சூறைத் தேங்காய் சிதறும். ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர் என்று சுற்றுவட்டாரமே அன்று குடியாத்தத்தின் தெருக்களில் நிற்கும். சத்தம் காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சில் அதிர்வது தெரியும்.

இந்தப் பகுதியில் எந்த ஊர்வலமானாலும், அது கோயில் விழாவோ கல்யாணமோ இறுதி ஊர்வலமோ, பறை அடிக்கும் குழு வந்திருந்தால் புறப்படுவதற்கு முன் தெருவோரத்தில் ஒரு சின்ன வேலை நடக்கும். பழைய செய்தித்தாளோ வைக்கோலோ ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுக் கொளுத்துவார்கள். நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, பறையின் முகத்தை நெருப்புக்குக் காட்டி மெல்லத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். ஓரிடத்தில் நின்றுவிட்டால் தோல் கருகும். தள்ளிப் பிடித்தால் சூடு ஏறாது. சிறிது நேரம் கழித்து ஒருவர் பறையைக் காதருகே கொண்டுபோய் விரல் நுனியால் ஒரு சுண்டு சுண்டுவார். 'தொம்' என்று வந்தால் மறுபடி நெருப்புக்குப் போகும். 'டங்' என்று வந்தால் எழுந்துவிடுவார்.

அந்த ஒரு சுண்டலில் இரண்டு தோல்கள் சந்திக்கின்றன. ஒன்று கையில் இருக்கும் பறை. இன்னொன்று அவர் காதுக்குள் இருப்பது. தமிழ் அதற்கு வைத்திருக்கும் பெயர் செவிப்பறை. முதல் பறையைக் காய்ச்சவும் இழுத்துக் கட்டவும், கிழிந்தால் மாற்றவும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு உண்டு. இரண்டாவது பறையைக் காப்பதற்கு அப்படி ஓர் அறிவு இன்னும் அந்த நெருப்பைச் சுற்றி வந்து உட்காரவில்லை. அது வரவேண்டும் என்பதற்காக எழுதப்படுவதே இந்த அத்தியாயம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களுக்குத் தோலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிட்ட தோல் இங்கிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகச் சீமைக்குப் போனது. பிறகு குரோமியம் வந்தது. இன்று குரோமியத்தில் பதனிட்ட ஈரத்தோலை 'வெட் ப்ளூ' என்று சொன்னால் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் இத்தனை டேனரிகளில் பதனிட்டு வெளிவரும் மேல்தரத் தோல் எதையும் எடுத்து ஒரு பறை கட்ட முடியாது.

காரணம் தோலின் இழைகளில் இருக்கிறது. தோலுக்கு வலுவைத் தருவது கொலாஜன் என்ற புரத இழை. பச்சைத் தோலில் முடியை நீக்கி, இழுத்துக் கட்டி வெயிலில் உலரவிட்டால், நீர் வெளியேற வெளியேற இந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தோல் கண்ணாடிபோல விறைத்துவிடும். தட்டினால் அது அதிர்வை விழுங்குவதில்லை, அப்படியே காற்றுக்குக் கொடுத்துவிடும். பதனிடும்போது நடப்பது இதற்கு எதிரான வேலை. குரோமியமோ பட்டைச் சாறோ இழைகளுக்கு நடுவே புகுந்து, உலர்ந்தாலும் அவை ஒட்டாதபடி பிரித்து வைக்கிறது. ஷூ வளைந்து கொடுப்பதும் பை மெத்தென்று இருப்பதும் அதனால்தான். அந்த மென்மை ஒலியை உறிஞ்சிவிடும். பறைக்கு வேண்டியது பதனிடாத தோல்.

பதனிடாத தோலுக்கு ஒரு பலவீனம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு தளர்ந்துவிடும். நெருப்பு அந்த ஈரத்தைத் துரத்துகிறது. தோல் சுருங்குகிறது, இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறுகிறது. அதோடு மேல் அதிர்வெண் ஒலிகளும் கூர்மையாகக் கிளம்புகின்றன. பறை அடிக்கும் சுண்டுகுச்சி பட்டதும் 'சுளீர்' என்று ஒன்று வருகிறதே, அதுதான். தவிலிலும் இதே சூத்திரம் வேறு வடிவில் இருக்கிறது. பலாமர உடலில் வலப்பக்கத் தோலை விறைப்பாக இழுத்துக் கட்டி, விரல்களில் கூடு மாட்டி அடிப்பார்கள். விறைத்த தோலும் கடினமான கூடும் மோதும்போது எழும் ஒலி கூட்டத்தின் கடைசி வரிசைவரை துல்லியமாகப் போய்ச் சேரும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்பதற்காக வடிவமைக்கப்பட்ட கருவிகள் இவை. அந்தப் பொறியியலை வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் ஊர் எல்லைவரை கேட்கும்படி செய்யப்பட்ட ஒலி, அதை அடிப்பவரின் காதுக்கு ஒரு முழத் தூரத்தில் பிறக்கிறது.

இப்போது இரண்டாவது பறைக்கு வருவோம்.

செவிப்பறையின் குறுக்களவு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதன் பின்னால் மூன்று எலும்புகள்: சுத்தி, பட்டடை, அங்கவடி. கொல்லன் உலையிலிருந்து இரண்டு பெயர், குதிரைச் சேணத்திலிருந்து ஒன்று. அங்கவடி எலும்பு சுமார் 3 மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே சிறியது. செவிப்பறையின் பரப்போடு ஒப்பிட்டால் அங்கவடி போய் அழுத்தும் சாளரம் பதினேழில் ஒரு பங்குதான். பெரிய பரப்பில் வாங்கிய அழுத்தத்தைச் சின்னப் பரப்பில் குவிப்பதால், காற்றின் மெல்லிய அசைவு உள்ளே இருக்கும் திரவத்தையே அசைக்கும் அளவுக்கு வலுப்பெறுகிறது. அந்தத் திரவம் இருப்பது நத்தைக் கூடுபோல இரண்டரைச் சுற்றுக்குமேல் சுருண்ட ஒரு குழாயில். காக்ளியா என்பார்கள். அதற்குள்தான் மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. ஒரு காதுக்கு 15,000 என்ற அளவில்தான். கேட்டல் என்ற முழு உலகமும் இந்தக் கையிருப்பை நம்பி நடக்கிறது.

ஹங்கேரியில் பிறந்த கியோர்க் ஃபான் பேகேஷி, ஒலி இந்தச் சுருளுக்குள் ஓர் அலையாக ஓடுகிறது என்றும், ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் அலை உச்சம் பெறும் இடம் தனித்தனி என்றும் காட்டினார். 1961இல் நோபல் பரிசு பெற்றார். கீச்சென்ற ஒலிகள் சுருளின் வாசலிலேயே உச்சம் பெறுகின்றன, கும்மென்ற ஒலிகள் உள்கோடிவரை போகின்றன. இரைச்சல் தாக்கும்போது முதலில் அடிபடுவது வாசலை ஒட்டிய பகுதி, 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் இடம். காதின் குழாயே 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை ஊதிப் பெருக்கி அனுப்புவது அதற்கு ஒரு காரணம். நெருப்பில் காய்ச்சி வரவழைத்த அந்தச் 'சுளீர்' காதின் மிக நுணுக்கமான, மிக எளிதில் முறியக்கூடிய இடத்தைத்தான் குறி வைக்கிறது.

காதுக்குச் சொந்தமாக ஒரு காவலாளி உண்டு. பெரிய ஒலி கேட்டால் அங்கவடி எலும்பை ஒரு குட்டித் தசை இழுத்துப் பிடிக்கும். ஆனால் அது சுதாரிக்கப் பல பத்து மில்லி வினாடிகள் ஆகும். பறையின் ஓர் அடி அதற்குள் உள்ளே போய் வேலையை முடித்துவிடும். மணிக்கணக்கில் தொடர்ந்தால் அந்தத் தசையும் சோர்ந்துபோகும்.

திருவிழாவுக்குப் போய் வந்த இரவில் பலரும் சொல்வது ஒன்று உண்டு: "காது ங்ஙொய்ங்னு இருக்கு, பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி இருக்கு." காலையில் எழுந்தால் சரியாகிவிடும். எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். மயிரிழைச் செல்களின் உச்சியில் இருக்கும் நுண்ணிழைகள் காற்றில் சாய்ந்த நெற்பயிர்போலச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்துகொள்கின்றன என்றுதான் மருத்துவ உலகமும் நெடுங்காலம் நினைத்திருந்தது. 2009இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் அந்த நிம்மதியைக் குலைத்தார்கள். எலிகளுக்கு 100 டெசிபெல் ஒலியை 2 மணி நேரம் கேட்கச் செய்தார்கள். சில நாள்களில் செவித்திறன் சோதனை பழைய நிலைக்குத் திரும்பியது. செல்களும் சாகவில்லை. ஆனால் செல்லையும் நரம்பையும் இணைக்கும் முடிச்சுகளை எண்ணிப் பார்த்தபோது, பாதிக்கப்பட்ட பகுதியில் ஏறத்தாழ பாதி காணாமல் போயிருந்தன. அவை திரும்பி வரவே இல்லை. மனிதக் காதில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது இன்றும் ஆய்வில் இருக்கிறது. ஆனால் காலையில் சரியாகிவிட்டது என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது மட்டும் அன்றோடு தெளிவாகிவிட்டது.

இதில் மனதை உறுத்தும் ஒரு செய்தி. கோழிக்குஞ்சின் காதில் இரைச்சலால் செத்த மயிரிழைச் செல்கள் மறுபடி முளைக்கின்றன என்று 1980களின் இறுதியில் கண்டுபிடித்தார்கள். தெருவில் மேயும் கோழிக்கு இருக்கும் அந்த வரம், மேளம் அடிக்கிற மனிதருக்கு இல்லை. பாலூட்டிகளின் காதில் போனது போனதுதான்.

எவ்வளவு ஒலி, எவ்வளவு நேரம் என்ற கணக்கை ஆம்பூர்க்காரர்கள் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். இது ஷிப்ட் கணக்கு. அமெரிக்காவின் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனமான நயோஷ் சொல்லும் அளவு, 85 டெசிபெல்லில் 8 மணி நேரம். அது ஒரு காதின் ஒரு நாள் கூலி என்று வைத்துக்கொள்ளலாம். டெசிபெல் ஏணிப்படிபோல ஏறுவதில்லை. 3 டெசிபெல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடும், ஆகவே நேரம் பாதியாகக் குறையும். 88இல் 4 மணி நேரம், 91இல் 2 மணி நேரம், 94இல் 1 மணி நேரம், 97இல் அரை மணி நேரம். 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். மேளக் குழுவுக்கு நடுவிலோ பெரிய ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னாலோ நிற்பவருக்கு 100 என்பது அபூர்வமான எண்ணே இல்லை. அங்கே 3 மணி நேரம் நின்றால் 12 நாள் ஒலியை ஒரே இரவில் காது வாங்கிக்கொள்கிறது. இந்தியத் தொழிற்சாலை விதிகள் இன்னும் தாராளம், 8 மணி நேரத்துக்கு 90 டெசிபெல்வரை விடுகின்றன.

மீட்டர் கையில் இல்லாதவர்களுக்கு ஒரு நாட்டுவழி அளவு உண்டு. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதென்றால் 85ஐத் தாண்டியாயிற்று.

இப்போது இந்தத் தோல் வட்டாரத்துக்கே உரிய சிக்கல். பகல் முழுக்க ஷூ கம்பெனியில் வெட்டும் பிரஸ்ஸின் அடியையும் வரிசை வரிசையாக ஓடும் தையல் மெஷின்களின் ஓசையையும் கேட்டவர், டேனரியில் ஷேவிங் மெஷினுக்கும் சுழலும் மர டிரம்முக்கும் நடுவே நின்றவர், மாலையில் வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு ஊர்வலத்துக்குப் போகிறார். மேளக்காரர்கள் பலருக்கும் மேளம் மட்டுமே பிழைப்பாக இருப்பதில்லை, பகலில் வேறு கூலி வேலை இருக்கும். இரண்டு இடத்து இரைச்சலுக்கும் காது தனித்தனிக் கணக்கு வைப்பதில்லை. தொழிற்சாலையில் அன்றைய அளவு முழுதும் தீர்ந்த பிறகு, மாலையில் கேட்கும் ஒவ்வொரு நிமிடமும் கடன்.

அதோடு சேர்ந்துகொள்ளும் இன்னொன்றைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை: பசை. ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டும் 'சொல்யூஷ'னின் காட்டமான வாடை இந்த ஊர்களில் எல்லோருக்கும் பழக்கம். காலணிப் பசைகளில் கரைப்பானாகப் பயன்படுபவற்றில் ஒன்று டொலுயீன். அது மூச்சோடு உள்ளே போய், ரத்தம் வழியாகக் காக்ளியாவை அடைந்து, மயிரிழைச் செல்களை நேரடியாகத் தாக்கக்கூடியது. பிரேசிலில் தாயிஸ் மொராட்டா அச்சகத் தொழிலாளர்களைச் சோதித்து 1993இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு மைல்கல். இரைச்சல், கரைப்பான் இரண்டுமே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், இரைச்சலில் மட்டும் வேலை செய்தவர்களுக்குச் செவித்திறன் குறையும் அபாயம் 4 மடங்கு. இரைச்சலோடு டொலுயீனும் சேர்ந்தவர்களுக்கு 11 மடங்கு. 2018இல் அமெரிக்காவின் தொழில்நல அமைப்புகள் இரண்டு சேர்ந்து இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டன. ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் பெரும் எண்ணிக்கையில் வேலை செய்பவர்கள் பெண்கள். திருவிழாவில் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேளத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்களும் அவர்களே. அவர்களுடைய காதுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும்.

தொழில் காதைத் தின்னும் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1713இல் வெளியிட்ட நூலில் வெனிஸ் நகரத்துக் கன்னார்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரே பகுதியில் கூடி வாழ்ந்து, நாள் முழுவதும் செம்பைத் தட்டித் தட்டி அவர்கள் காது மந்தமாகி, முதுமையில் முழுச் செவிடாகிவிடுகிறார்கள் என்றார். கன்னார் தெரு இருக்கும் எந்தத் தமிழ் ஊருக்கும் அந்தக் காட்சி புரியும். 1886இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற மருத்துவர் கொதிகலன் செய்யும் 100 தொழிலாளர்களைச் சோதித்தபோது ஒருவருக்குக்கூடச் செவித்திறன் முழுமையாக இல்லை.

இசைக்கலைஞர்கள் பக்கம் நீதிமன்றம் திரும்பிப் பார்க்க அதற்குப் பிறகு நூற்றுமுப்பது ஆண்டுகள் ஆயின. லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் வயோலா வாசித்த கிறிஸ்டோபர் கோல்ட்ஷைடர், 2012இல் வாக்னரின் இசை நாடகம் ஒன்றின் ஒத்திகையில் பித்தளை ஊதுகருவிகளுக்கு நேர் முன்னால் உட்கார வைக்கப்பட்டார். அன்று காதில் ஏற்பட்ட காயம் அவருடைய வாசிப்புத் தொழிலையே முடித்துவிட்டது. கலை என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்ற வாதத்தை 2018இல் நீதிபதி ஏற்கவில்லை. தொழிற்சாலைக்குப் பொருந்தும் சட்டம் இசைக்கூடத்துக்கும் பொருந்தும் என்றார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் கோல்ட்ஷைடருக்கே சாதகம்.

இங்கே நிலைமை என்ன? இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இடம்பெற்றிருக்கிறது. இ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீட்டிலும் தொழில் நோயாக இருக்கிறது. டேனரித் தொழிலாளி அதைச் சொல்லி உரிமை கேட்கலாம். அதே இரைச்சலை அதைவிட நெருக்கத்தில் வாங்கும் பறைக்காரரும் பம்பைக்காரரும் எந்தத் தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை. சாவு வீட்டில் அடித்தே ஆகவேண்டும் என்று சாதி சுமத்திய கட்டாயத்தை எதிர்த்து, பறையைக் கீழே வைத்தவர்கள் பலர். அதையே கலையாக நிமிர்த்தி மேடையேற்றியவர்களும் பலர். மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அந்தப் போராட்டத்துக்கு ஓர் அங்கீகாரம் கிடைத்தது. கலைக்குக் கிடைத்த மரியாதை கலைஞரின் உடம்புக்கும் கிடைக்க வேண்டும். காது அந்த உடம்பில்தான் இருக்கிறது.

சட்டம் கேட்பவர்கள் பக்கம் ஓரளவு பேசியிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்று அளவு வைக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். வேலூரின் நடுவில், நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வந்து படுத்திருக்கும் சி.எம்.சி. மருத்துவமனை வாசலை மேளத்தோடு கடக்கும் எவரும் நினைவில் வைக்க வேண்டிய விதி இது. அதே ஆண்டு சென்னைத் தேவாலயம் ஒன்றின் வழக்கில், டிரம்ஸும் ஒலிபெருக்கியும் முழங்க அக்கம்பக்கத்தாரின் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என உச்ச நீதிமன்றம் கூறியது. 2005இல் இரவு 10 முதல் காலை 6 வரையிலான தடையை மீண்டும் உறுதி செய்தது. இவையெல்லாம் தூக்கம் கெடுபவர்களுக்கான சட்டங்கள். மேளத்துக்கு நடுவில் நிற்பவரின் காதைப் பற்றி இவற்றில் பேச்சு இல்லை.

அந்த இடைவெளியை 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் நிரப்பப் பார்த்தது. இசை நிகழ்ச்சிகளுக்கான அதன் நெறிமுறை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒலியை அளந்துகொண்டே இருக்க வேண்டும், காதடைப்பான் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு தர அமைதியான ஓரிடம் ஒதுக்க வேண்டும் என்றும் கேட்கிறது. வேலூர் விஐடியின் ரிவியரா போன்ற கல்லூரி விழாக்களில் இதைச் செய்வது கடினமே இல்லை. மேடை ஒன்று, ஒலிப்பலகை ஒன்று, அதைக் கையாளுபவர் ஒருவர். ஊர்வலத்தில் அப்படி ஒரு குமிழைத் திருகிக் குறைக்க முடியாது. அங்கே மனிதர்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் உபாயம் தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும். மேளத்திலிருந்து 1 மீட்டரில் 106 இருந்தால் 2 மீட்டரில் 100, 4 மீட்டரில் 94, 8 மீட்டரில் 88. மாசி மாத மயானக் கொள்ளைத் திருவிழாவின்போது பாலாற்று மணலில் இந்தக் கணக்கு ஏறத்தாழ அப்படியே பலிக்கும். ஆம்பூரின் ஒடுங்கிய சந்துகளில் பலிக்காது. இருபக்கச் சுவர்களும் ஒலியைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கும். சந்துக்குள் மேளம் நுழையும்போது பின்வாங்கி நின்று, வெளியே வந்ததும் சேர்ந்துகொள்வது நல்ல பழக்கம்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. கூட்டத்தில் அம்மன் முகம் தெரியட்டும் என்று அப்பா தோளில் ஏற்றிக்கொள்ளும் பிள்ளையின் காது, டிராக்டரில் கட்டிவைத்த ஸ்பீக்கரின் வாய்க்கு நேராகப் போய்விடுகிறது. சிறு பிள்ளையின் காதுக்குழாய் சின்னது, அதற்குள் அழுத்தம் இன்னும் கூடும். பிள்ளை அழுதால் பயந்துவிட்டது என்று சமாதானம் சொல்லாமல், வலிக்கிறது என்று எடுத்துக்கொண்டு விலகிவிட வேண்டும். தலையில் மாட்டும் காதுமூடி குழந்தைகள் அளவிலும் கிடைக்கிறது.

அடுத்தது காதடைப்பான். அது உண்மையில் வேலை செய்கிறதா என்று நெதர்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். 2015 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமின் திறந்தவெளி இசைவிழா ஒன்றுக்கு 51 பேரை அனுப்பினார்கள். பாதிப் பேருக்கு அடைப்பான், மீதிப் பேருக்கு ஒன்றுமில்லை. நாலரை மணி நேரம், சராசரி 100 டெசிபெல். திரும்பி வந்ததும் சோதித்தபோது அடைப்பான் வைக்காதவர்களின் காதுகளில் 42 சதவீதம் தற்காலிகமாக மந்தமாகியிருந்தன. வைத்தவர்களுக்கு 8 சதவீதம். புதிதாகக் காது இரைச்சல் வந்தவர்கள் அடைப்பான் வைக்காத குழுவில் 40 சதவீதம், வைத்த குழுவில் 12.

மருந்துக் கடையிலும் பாதுகாப்புக் கருவிக் கடையிலும் கிடைக்கும் நுரை அடைப்பான் ஒரு ஜோடி, ஒரு பிளேட் ஆம்பூர் பிரியாணியைவிட மிக மலிவு. ஆனால் பெரும்பாலோர் அதைத் தவறாகவே வைக்கிறார்கள். கையைக் கழுவிக்கொண்டு, அடைப்பானை விரல்களுக்கு நடுவே உருட்டி ஊதுபத்திக் குச்சிபோல மெல்லியதாக்க வேண்டும். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே, பின்பக்கமாக இழுத்தால் குழாய் நேராகும். அப்போது உள்ளே செருகி, அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் நுரை விரிந்து அடைத்துக்கொள்ளும். சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோலக் கேட்டால் சரியாக உட்கார்ந்துவிட்டது. வெறும் பஞ்சை உருட்டி வைப்பது மனத்திருப்திக்குத்தான், ஒலி அதில் தாராளமாக நுழையும்.

மேளக்காரருக்கு நுரை அடைப்பான் ஏன் பிடிப்பதில்லை என்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அது மேல் ஒலிகளை அதிகமாகவும் கீழ் ஒலிகளைக் குறைவாகவும் வெட்டுவதால் பறையின் 'டங்' செத்து 'தொம்' மட்டும் மிஞ்சும். பக்கத்தில் அடிப்பவரின் அடவு புரியாது. இதற்காகவே 1980களின் இறுதியில் இசைக்கலைஞர்களுக்கான அடைப்பான்கள் வந்தன. அவை எல்லா அதிர்வெண்களையும் ஏறத்தாழ ஒரே அளவில், 15 டெசிபெல்போலக் குறைக்கும். இசை அப்படியே இருக்கும், தூரத்தில் நின்று கேட்பதுபோல இருக்கும். 15 டெசிபெல் என்பது சின்ன எண்ணாகத் தோன்றலாம். 3 டெசிபெல்லுக்கு நேரம் இரட்டிப்பு என்று எண்ணினால், 15 நிமிடம் 8 மணி நேரமாக நீள்கிறது. மரு, பொருக்கு, சீழ் உள்ள காதில் மட்டும் எதையும் வைக்காமல் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காட்டவேண்டிய வேறு சமயங்களும் உண்டு. காதுக்குள் இரைச்சல் ஒரு நாளைத் தாண்டியும் நிற்கவில்லை என்றால், ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டு திறக்கவே இல்லை என்றால், எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு மருந்தைச் சில நாள்களுக்குள் தொடங்குவது முக்கியம். ஆண்டுக்கொரு முறை செவித்திறன் வரைபடம் எடுத்துப் பார்ப்பது மேளக்காரர், மைக் செட்காரர், டேனரித் தொழிலாளி எல்லோருக்கும் பொருந்தும். இரைச்சலின் கைரேகை அதில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளமாகத் தெரியும். அந்தப் பள்ளம் விழுந்தவர்கள் சொல்வது எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல." உயிரெழுத்துகள் கீழ் அதிர்வெண்ணில் இருப்பதால் குரல் காதில் விழுந்துவிடும். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் மேல் அதிர்வெண்ணில் இருக்கிறது. பத்து, பட்டு, பற்று எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும். பேத்தி கேட்ட காசு எவ்வளவு என்று தாத்தா மூன்று முறை கேட்பார். நான்காவது முறை கேட்கக் கூச்சப்பட்டுத் தலையை ஆட்டிவிடுவார். அந்தப் பள்ளம் இருபது வருடத்தில் மெல்ல மெல்ல விழுந்தது. இருபது வருடமும் அது தடுக்கக் கூடியதாகவே இருந்தது.

ஆகவே மறுபடி அந்த நெருப்பருகே போகலாம். அடைப்பானை எப்போது வைப்பது என்று அங்கே ஒரு கேள்வி வரும். காய்ச்சும்போது வைத்தால் சுருதி தெரியாது. அதனால் முதலில் வெறுங்காதோடு சுண்டிப் பார்த்து, 'டங்' வந்ததும் பறையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு அடைப்பானையும் எடுத்து ஒவ்வொன்றாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு நிமிடம் ஆகும். ஊர்வலம் நடுவில் நின்று, தோல் தளர்ந்து, மறுபடி நெருப்புக்கு வரும்போது கழற்றிவிட்டு மறுபடி சுண்டலாம். தோலுக்கு ஓய்வு தரும் அந்த ஐந்து பத்து நிமிடம் காதுக்கும் ஓய்வு. குழுவில் பத்துப் பேர் இருந்தால், நெருப்பு மூட்டும் வேலையைப் பார்க்கிற இளைஞரிடமே அடைப்பான் டப்பாவும் இருக்கட்டும். பறையைக் கையில் கொடுக்கும்போது அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்.